சர்டிபிகேட் ரினியூவலுக்கு எந்த ஆன்லைன் கோர்ஸ் படிக்கறது? தர்மபுரி சைக்கிளிங் டிரெய்னர் தங்கச்சிக்கு பதில்

தர்மபுரில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல. கடிதத்தை கொஞ்சம் சுருக்கி தர்றேன்.

“அக்கா, நான் இங்க ஒரு ஜிம்ல இண்டோர் சைக்கிளிங் கிளாஸ் எடுக்கறேன். நின்ன இடத்துலயே ஓட்டற பைக் மொத்தம் 9. காலைல 5:30க்கு ஒரு பேட்ச், சாயங்காலம் 6 மணிக்கு லேடீஸ் பேட்ச். ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர் போய் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் முடிச்சு சர்டிபிகேட் வாங்கினேன். இப்ப அது எக்ஸ்பைரி ஆகப்போகுது, ரினியூ பண்ண கிரெடிட், அதாவது இத்தனை மணி நேரம் புதுசா படிச்சோம்ங்கற கணக்கு, காட்டணும்னு மெயில் வந்திருக்கு. ஆன்லைன்ல தேடினா கோர்ஸ் கொட்டிக் கிடக்கு, ஒருத்தர் 149 டாலர்ங்கறாங்க, இன்னொருத்தர் 999 ரூபாய்க்கு லைஃப்டைம் சர்டிபிகேட்ங்கறாங்க. என் சம்பளம் 14,000. ஓனர் அண்ணன் ‘இங்க யாரும்மா சர்டிபிகேட் கேக்கறா, நல்ல பாட்டா போடு அது போதும்’கறாரு. நான் எதை படிக்கறது, படிச்சுத்தான் ஆகணுமா? இன்னொண்ணு, பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா சேர வந்திருக்காங்க, 54 வயசு, முதுகு வளையவே மாட்டேங்குது, முட்டியும் பிடிச்சுக்குது. சேத்துக்கலாமா, இல்ல திருப்பி அனுப்பிடட்டுமா?”

தங்கச்சி, நீங்க கடைசியா போனா போகட்டும்னு கேட்ட அந்த கேள்விதான் எனக்கு பெருசா படுது. அதுக்கு கடைசியா வர்றேன். ஏன்னா அந்த அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நீங்க படிக்கணும், ரினியூவல் மெயிலுக்காக இல்ல.

முதல்ல என் கதை ஒண்ணு சொல்லிடறேன். நான் பிசியோதெரபிஸ்ட், கிருஷ்ணகிரில கிளினிக் வெச்சிருக்கேன், கூடவே பல வருஷமா சைக்கிளிங் கிளாஸும் எடுக்கறேன். என்னோட முதல் ரினியூவலுக்கு 20 மணி நேரம் ஆன்லைன்ல படிச்சேன், எதைப் படிச்சேன்னா பிளேலிஸ்ட் கட்டறது, பீட்டுக்கு ஏத்த மாதிரி எந்திரிச்சு உக்கார வெக்கறது, மைக்ல எப்படி உற்சாகப்படுத்தறதுன்னு எல்லாம் எனக்கு ஏற்கனவே நல்லா வர்ற விஷயம், பிடிச்ச விஷயம், அதனால சீக்கிரம் முடிஞ்சுது. அதே வருஷம் ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போற ஒரு தம்பி புதுசா வந்தான், 24 வயசு, நல்ல திடகாத்திரமான உடம்பு, பைக்ல அவனுக்கு அன்னிக்குத்தான் முதல் நாள். மத்தவங்களோட சேத்து முழு 50 நிமிஷமும் ஓட்ட விட்டேன், அவன் தளர்ந்தப்ப எல்லாம் “விட்றாத தம்பி”ன்னு மைக்ல கத்தினேன். மறுநாள் அவனால மாடிப்படி இறங்க முடியல, சாதாரண கால்வலிதான் சரியாயிடும்னு சொல்லிட்டேன். மூணாம் நாள் போன் பண்றான், “அக்கா, யூரின் கோலா கலர்ல போகுது”ன்னு. எனக்கு கை நடுங்கிடுச்சு. ஆஸ்பத்திரில நாலு நாள் டிரிப்ஸ் ஏத்தி கிட்னியை காப்பாத்தினாங்க. நான் படிச்ச 20 மணி நேரத்துல புது ஆளை முதல் நாள் எப்படி ஓட்ட வெக்கணும்னு ஒரு மணி நேரம் கூட இல்ல. அப்படி கோர்ஸ் இருந்துது, நான் எடுக்கல.

அதுக்குப் பேரு ரேப்டோமயோலைசிஸ். தசை தாங்க முடியாத வேலை செஞ்சு சிதைஞ்சு போறப்ப அதுல இருக்கற மயோகுளோபின்ங்கற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போய் அடைக்கும். 2017ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல இதைப் பத்தி ஸ்பின் கிளாஸை, அதாவது நம்ம இண்டோர் சைக்கிளிங் கிளாஸை, வெச்சே ஒரு கட்டுரை வந்துது, அதுக்கு முன்னாடி பதிவாகியிருந்த 46 பேர்ல 42 பேருக்கு வந்தது முதல் கிளாஸ்லயே. ஏன் சைக்கிள்ல இப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ரோட்ல ஓட்டறவன் இறக்கத்துல கால சும்மா வெச்சுக்குவான், சிக்னல்ல நிப்பான், தனியா ஓட்டினா மூச்சு வாங்கறப்ப நிறுத்திடுவான். இங்க ஃப்ளைவீல்ங்கற கனமான சக்கரத்தோட பெடல் சேந்தே சுத்தும், பாட்டு ஓடும், பக்கத்து பைக்காரர் நிறுத்தல, டிரெய்னர் விட மாட்டேங்கறா, தொடைங்கறது உடம்புலயே பெரிய தசைக்கூட்டம், அதுக்கு ஒரு நிமிஷம் கூட ஓய்வு கிடைக்காது. அதோட நம்ம ஊர் சித்திரை வெயில், மூடின ரூம், எதிர்க்காத்து இல்லாததால வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. அதனால என் கிளாஸ்ல இப்ப புது ஆளுக்கு முதல் நாள் 15 நிமிஷம், ரெண்டாவது தடவை 25, எவ்வளவு பலசாலியா இருந்தாலும் அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கோர்ஸ் லிஸ்ட்டை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்து, போன மூணு மாசத்துல உங்க கிளாஸ்ல எங்கெல்லாம் உங்களுக்கு பதில் தெரியாம முழிச்சீங்களோ அதையெல்லாம் எழுதுங்க. யாருக்கு முட்டி வலிச்சுது, யாரு தலை சுத்துதுன்னு இறங்கினாங்க, யாரு ரெண்டு நாள் வந்துட்டு காணாம போனாங்க, சுகர் மாத்திரை போடறவங்க யாராச்சும் நடுவுல வெலவெலத்துப் போனாங்களா. அந்த பக்கம்தான் உங்க சிலபஸ். அதுக்கு பொருந்தற கோர்ஸை தேடினா நூறு கோர்ஸ் அஞ்சாறா சுருங்கிடும். பாட்டு, கோரியோகிராஃபி கோர்ஸ் தப்புன்னு சொல்லல, கிளாஸ் ருசியா இருக்கறதும் வேணும், ஆனா அது மொத்த மணி நேரத்துல கால்வாசி தாண்ட வேண்டாம்.

என்னைக் கேட்டா முதல் இடம் பைக் செட்டப்புக்கும் முட்டிக்கும். பெடல் அடியில இருக்கறப்ப முட்டி லேசா மடங்கியிருக்கணும், 25ல இருந்து 35 டிகிரிம்பாங்க. சீட் தாழ்வா இருந்தா முட்டிக்கு முன்பக்கம் வலிக்கும், உசரமா இருந்தா முட்டிக்குப் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் ரெண்டு பக்கமும் ஆடும். இந்த ஒரு விஷயத்தை சரியா பாக்கத் தெரிஞ்சாலே உங்க லேடீஸ் பேட்ச்ல வர்ற புகார்ல பெரும்பாதி தீர்ந்துடும். வீடியோல மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் ஜிம்முக்குப் போய் 9 பைக்லயும் ஒவ்வொருத்தரை உக்கார வெச்சு பக்கவாட்டுல இருந்து செல்போன்ல படம் எடுத்துப் பாருங்க, அப்பத்தான் கண்ணு பழகும்.

அடுத்தது, நோய் இருக்கறவங்களுக்கு எப்படி கிளாஸ் எடுக்கறதுங்கற கோர்ஸ். நம்ம ஊர்ல 40 தாண்டி ஜிம்முக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் பிபி மாத்திரை, சுகர் மாத்திரையோட வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். 220ல இருந்து வயசைக் கழிச்சா அதிகபட்ச இதயத்துடிப்புன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அது சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு துடிப்பு சாதாரணமா மாறும். அதுலயும் அட்டினலால், மெட்டோப்ரலால் மாதிரி பிபி மாத்திரை போடறவங்களுக்கு துடிப்பு அவ்வளவா ஏறாது, வாட்ச்ல 110தான் காட்டுதேன்னு நீங்க இன்னும் ரெசிஸ்டன்ஸ், அதாவது பெடல் இறுக்கம், ஏத்தச் சொன்னீங்கன்னா ஆபத்து. அவங்களுக்கு பேச்சுத்தான் அளவு, சேந்தாப்ல ஒரு வாக்கியம் பேச முடியுதா, ரெண்டு ரெண்டு வார்த்தையா வருதா, வார்த்தையே வரலையா. இதையெல்லாம் ஏன் எதுக்குன்னு விளக்கற கோர்ஸ் காசு கொடுத்து படிக்க தகுதியானது.

கிரெடிட் கணக்கை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா குழப்பம் போயிடும். அமெரிக்கால ஏஸ்னு ஒரு அமைப்பு, அதாவது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ், அவங்க ரெண்டு வருஷத்துக்கு 20 மணி நேரம் கேக்கறாங்க, அதை 2.0ன்னு எழுதுவாங்க, அதாவது ஒரு மணி நேரம்னா 0.1. ஆஃபாங்கற இன்னொரு அமெரிக்க அமைப்பு ரெண்டு வருஷத்துக்கு 15 கேக்குது, அங்க ஒரு மணி நேரம்னா 1. அதனால ஒரே கோர்ஸ்ல 0.8ன்னும் 8ன்னும் போட்டிருந்தா ஏமாத்தறாங்கன்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டும் 8 மணி நேரம்தான். ஆனா உங்களுக்கு முக்கியம் உங்க சர்டிபிகேட்டைக் கொடுத்தவங்க யாரோட கிரெடிட்டை ஏத்துக்கறாங்கங்கறது. பைக் கம்பெனி நடத்தற சர்டிபிகேட்னா பெரும்பாலும் அவங்க கோர்ஸையே எடுக்கச் சொல்லுவாங்க. அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி, ரினியூவல் மெயில் வந்த அதே முகவரிக்கு, கோர்ஸ் பேரைப் போட்டு, இதை ஏத்துக்குவீங்களா எத்தனை மணி நேரமா எடுத்துக்குவீங்கன்னு எழுத்துல கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் கார்டை வெளிய எடுக்காதீங்க. அப்படிக் கேக்காம கட்டிட்டு அழுதவங்களை நான் பாத்திருக்கேன்.

அந்த 999 ரூபாய் லைஃப்டைம் சர்டிபிகேட் வேண்டாம். விலை கம்மிங்கறதுக்காக சொல்லல, நல்ல இலவச பாடமும் இருக்கு. சொல்லித் தர்றவங்க யாரு, என்ன படிச்சவங்க, எத்தனை மணி நேரம், எந்த அமைப்பு ஒத்துக்குது, பரீட்சை உண்டா, இந்த விவரம் எதுவும் பக்கத்துல இல்லாம சர்டிபிகேட் படத்தை மட்டும் பெருசா போட்டிருந்தா அது படிப்பு இல்ல, அட்டை. அதோட லைஃப்டைம்ங்கற வார்த்தையே எனக்கு ஒத்துவரல. நான் கிளாஸ் ஆரம்பிச்ச காலத்துல ஹேண்டில்பாரைப் பிடிச்சு புஷ்அப், ஓட்டிக்கிட்டே சின்ன டம்பெல் தூக்கறது எல்லாம் பெருமையா செஞ்சோம், இப்ப அதெல்லாம் செய்யாதீங்கன்னு பல அமைப்புகளும் சொல்லுது. ஒரு தடவை படிச்சதை வெச்சே ஆயுசுக்கும் சொல்லிக் கொடுத்தா நாம பழைய தப்பையே சொல்லிக்கிட்டு இருப்போம்.

சிபிஆர், அதாவது இதயம் நின்னுபோனவங்களுக்கு நெஞ்சை அமுக்கற முதலுதவி, அதை மட்டும் ஆன்லைன்ல முடிச்சுடாதீங்க கண்ணு. ஏஸ் அமைப்பே நேர்ல செஞ்சு காட்டாத சிபிஆர் சர்டிபிகேட்டை ஏத்துக்கறதில்ல, அது நியாயம்தான். நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, நெஞ்சு 5 சென்டிமீட்டராவது உள்ள போற அளவுக்கு அமுக்கணும்னு வீடியோ சொல்லும், ஆனா 5 சென்டிமீட்டர்னா எவ்வளவு பலமா அமுக்கணும்னு பொம்மை மேல கை வெச்சு அமுக்கினாத்தான் தெரியும், ரெண்டு நிமிஷத்துல கை சோர்ந்துடும்னும் அப்பத்தான் தெரியும். சேலத்துலயோ பெங்களூர்லயோ நேர்ல ஒரு நாள் வகுப்புக்குப் போயிட்டு வாங்க, உங்க பட்ஜெட்ல முதல் செலவு இதுவா இருக்கட்டும். வந்ததும் ஜிம் ஆளுங்க ரெண்டு பேருக்காவது செஞ்சு காட்டுங்க, நீங்க அமுக்கறப்ப 108க்கு போன் பண்றது யாரு, கீழ கேட்டைத் திறந்து ஸ்ட்ரெச்சருக்கு வழி விடறது யாருன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

இனி நடைமுறை விஷயம் ரெண்டு மூணு. லைவ் வெபினார்னு போட்டிருந்தா நேரத்தைப் பாருங்க, நியூயார்க்ல சாயங்காலம் 7 மணின்னா நமக்கு மறுநாள் விடிகாலை 4:30, குளிர்காலத்துல 5:30, சரியா உங்க பேட்ச் நேரம். ரெக்கார்டிங் பாத்தாலும் கிரெடிட் உண்டான்னு கேட்டுக்கிட்டு அதை எடுங்க. டாலர்ல கட்டறப்ப பேங்க் மார்க்அப்னு கூடுதல் கட்டணமும் சேத்துப் பிடிக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. இங்கிலீஷ் வேகமா போனா வீடியோவை முக்கால் வேகத்துல ஓட விட்டு சப்டைட்டில் போட்டுப் பாருங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

முக்கியமா, ஒவ்வொரு பாடத்தையும் தமிழ்ல மாத்தி எழுதுங்க. நான் சொல்றது நோட்ஸை மட்டும் இல்ல, நீங்க மைக்ல சொல்லப்போற வார்த்தையை. “எங்கேஜ் யுவர் கோர்”னு சொன்னா உங்க லேடீஸ் பேட்ச்ல யாருக்கு என்ன புரியும்? “தொப்புளை முதுகுப் பக்கம் லேசா இழுங்க, கையில பாரத்தைப் போடாதீங்க”ன்னா உடனே செய்வாங்க. மலை ஏத்தத்துக்கு கோர்ஸ்ல ஏதோ ஆல்ப்ஸ் பேரு சொல்லுவாங்க, நீங்க சேலத்துல இருந்து தொப்பூர் கணவாய் ஏறி நம்ம ஊருக்கு வர்ற மாதிரின்னு சொல்லுங்க, அந்த லாரி எப்படி முக்கிக்கிட்டு ஏறும்னு பாத்து வளர்ந்தவங்க அவங்க, 60 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 60 சுத்துன்னு நம்பர் சொல்லாமலே கால் தானா அந்த வேகத்துக்கு வந்துடும். வெளிநாட்டுக் கோர்ஸ்ல வராத விஷயமும் நம்ம கிளாஸ்ல உண்டு. துப்பட்டா போட்டுக்கிட்டு பைக்ல ஏறுவாங்க, அதோட நுனி ஃப்ளைவீல் பக்கம் தொங்கும். செருப்போட பெடல்ல கால் வெப்பாங்க. கால் நழுவினா பெடல் நிக்காம சுத்தி வந்து கெண்டைக்கால்லயோ காலோட முன்பக்க எலும்புலயோ அடிக்கும். அதனால ஏறின உடனே முதல் பாடம், ரெசிஸ்டன்ஸ் குமிழை அழுத்தி வீலை நிறுத்தறது, மூணு தடவை செய்ய வெச்சுட்டுத்தான் பாட்டையே போடணும்.

ஓனர் அண்ணன்கிட்ட சர்டிபிகேட்னு ஆரம்பிச்சா அவர் காதுல ஏறாது. “அண்ணே, இந்த வருஷம் சைக்கிளிங்ல சேந்தவங்கள்ல எத்தனை பேர் ரெண்டாவது மாச பீஸ் கட்டினாங்க, ரிஜிஸ்டரைப் பாக்கலாமா”ன்னு கேளுங்க. நிறைய பேர் விடறது முதல் வாரத்துல, சீட் வலி, முட்டி வலி, மூச்சு முட்டி பயந்துபோறதுன்னு. புது ஆளுக்கு தனியா 15 நிமிஷம் செட்டப் நேரம் கொடுங்க, ரெண்டு மாசம் பாக்கலாம், ஆளு நின்னா கோர்ஸ் காசுல பாதி நீங்க போடுங்கன்னு பேசிப் பாருங்க. அப்படியே போர்டுல ஸ்பின்னிங்னு எழுதியிருந்தா இண்டோர் சைக்கிளிங்னு மாத்தச் சொல்லுங்க, ஸ்பின்னிங்கறது மேட் டாக் அத்லெட்டிக்ஸ் கம்பெனியோட பதிவு பண்ண பேரு. 149 டாலர் கோர்ஸை இந்த மாசமே எடுத்தாகணும்னு இல்ல, எக்ஸ்பைரி தேதிக்குள்ள எத்தனை மணி நேரம் குறையுதுன்னு பாத்து, கொஞ்ச நாள் நீட்டிப்பு கிடைக்குமான்னும் அதே மெயில்ல கேளுங்க. அடுத்த தடவைக்கு மாசம் ஒரு மணி நேரம்னு இன்னிக்கே ஆரம்பிச்சா ரெண்டு வருஷத்துல 24 ஆயிடும், கடைசி மாசம் தூக்கம் கெட்டு கிளிக் பண்ணி முடிக்க வேண்டியிருக்காது.

இப்ப பென்னாகரத்து அம்மா. திருப்பி அனுப்பாதீங்க, ஆனா நாளைக்கே கிளாஸ்ல சேக்கவும் சேக்காதீங்க. முதல்ல அவங்ககிட்ட சின்ன வயசுல இருந்து எந்தத் தண்ணி குடிச்சீங்கன்னு கேளுங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பல ஊர்ல போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா கெடுதல், அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்துது, 2013ல தொடங்கி வெச்சாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் அந்தத் தண்ணியையே குடிச்சவங்களுக்கு பல்லுல மட்டும் இல்ல, எலும்புலயும் ஏறியிருக்கும், முதுகெலும்பைச் சுத்தின தசைநார் சுண்ணாம்பா இறுகி கழுத்தும் முதுகும் கட்டை மாதிரி ஆயிடலாம், முட்டி மடங்காம போகலாம். எல்லா முதுகுப் பிடிப்பும் இதுதான்னு நாம முடிவு கட்டக் கூடாது, மூட்டு தேய்மானமா இருக்கலாம், வேற வாதமா இருக்கலாம், அதனால தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில எலும்பு டாக்டரைப் பாத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு, சைக்கிள் ஓட்டலாமான்னு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. எந்த ஊர் ஆன்லைன் கோர்ஸும் இதை உங்களுக்கு சொல்லித் தராது, ஆனா முட்டி எவ்வளவு மடங்கணும்னு நல்ல கோர்ஸ் சொல்லித் தரும், அதை வெச்சுத்தான் நீங்க இந்த அம்மாவைப் பாக்கணும்.

டாக்டர் சரின்னு சொன்னதும் அவங்களை நாற்காலில உக்கார வெச்சு, குதிகாலை நாற்காலிக்கு அடியில இழுக்கச் சொல்லுங்க. பெடல் மேல வர்றப்ப முட்டி ஏறக்குறைய 110 டிகிரி மடங்கணும், அதனால குதிகால் நல்லா உள்ள வரலைன்னா பைக்ல ஒவ்வொரு சுத்துக்கும் இடுப்பைத் தூக்கிப் போட்டுத்தான் ஓட்டுவாங்க, அந்த வலி முதுகுக்குப் போகும். அப்படி இருந்தா இப்போதைக்கு சாஞ்சு உக்காந்து ஓட்டற ரிகம்பென்ட் பைக், அது உங்க ஜிம்ல இல்லைன்னா என்கிட்டயோ பக்கத்துல இருக்கற பிசியோகிட்டயோ ஒரு மாசம் முட்டியைத் தளர்த்திட்டு வரட்டும். குதிகால் உள்ள வந்துச்சுன்னா ஹேண்டில்பாரை எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு ஏத்துங்க, குனியவே விடாதீங்க, சீட்டை வழக்கமான அளவுக்குக் கீழ இறக்காதீங்க, இறக்கினா முட்டி இன்னும் மடங்க வேண்டிவரும். கூட்டத்தோட வேண்டாம், சாயங்கால பேட்ச்க்கு முன்னாடி 5:30க்கு வரச் சொல்லி, பாட்டு இல்லாம, லேசான ரெசிஸ்டன்ஸ்ல 8 நிமிஷம் மட்டும். ஏற ஒரு முக்காலி போட்டு வைங்க, அந்த எலும்பு விழுந்தா தாங்காது, வீல் முழுசா நின்னதுக்கு அப்புறம் நீங்களே கை கொடுத்து இறக்கி விடுங்க. மறுநாள் காலைல போன் பண்ணி, எங்க வலிக்குது, எந்திரிச்சு நடக்க எப்படி இருந்துதுன்னு கேட்டு எனக்கு எழுதுங்க, ரெண்டாவது நாளுக்கு எத்தனை நிமிஷம்னு சேந்து முடிவு பண்ணலாம்.